ஓய்வு வாரத்துக் கூழ்

இந்த ஊரில் மருந்து ஓர் ஆளுக்குச் சொந்தமானது இல்லை. ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கிற லைன் வீட்டில் ஒருத்திக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தால் போதும், ஊறுகாய் ஜாடியில் கை விடுகிற மாதிரி வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் அதில் கை விடுவார்கள். அன்றைக்கு எதிர்வீட்டுக் கன்னியம்மா மீன் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து என் மாத்திரைச் சீசாவைத் திறந்தாள். ஒன்றை எடுத்துப் பாதி கடித்தாள். "த்தூ! இன்னாக்கா இது, செவுத்துச் சுண்ணாம்பு கணக்கா கீது" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, எச்சில் ஈரத்தோடு மீதிப் பாதியைத் திரும்பச் சீசாவுக்குள்ளேயே போட்டு மூடினாள். மூடியில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரங்கூனில் இருக்கிற உங்களுக்கும், யுத்தத்தில் என்னைப்போலக் கப்பலேறி வந்து எங்கெங்கோ ஒண்டிக்கொண்டிருக்கிற உங்களுக்கும் இதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

அந்த மாத்திரை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசைக்கு ஒரே குழாய். அடியில் பாசி, பக்கத்திலேயே திறந்த சாக்கடை, அதில் கருவாடு கழுவின தண்ணீர். வழுக்கிக் கையை ஊன்றினேன். அவ்வளவுதான், மணிக்கட்டு காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "மாதவிலக்கு நின்ற பிறகு சில பொம்பளைகளுக்கு எலும்பு உள்ளே மெலிந்துபோகும். உனக்கும் அதுதான்" என்றார். நின்றுபோன பெண்மைச் சுரப்பை ஈடுகட்டுகிற மாத்திரையாம், மூன்று வாரம் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு தின்ன வேண்டும், அப்புறம் ஒரு வாரம் ஓய்வு. ஓய்வு வாரத்தில் பழையபடி தீட்டுப் படலாம், பயப்படாதே. மற்ற நாளில் பட்டாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், கால் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே ஓடி வா என்றார். "பத்தியம் உண்டா அம்மா? மீனை விட்டுவிடட்டுமா, பாலை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன். எந்த மருந்துக்கும் வாயைக் கட்டித்தானே எனக்குப் பழக்கம்? அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அதையெல்லாம் விட்டால் எலும்பு எங்கேயிருந்து வரும்? பால், மீன், கீரை, கேழ்வரகு எல்லாம் தின்னு." ஓய்வு வாரத்தை விட்டுவிட்டு மாத்திரையைத் தொடர்ந்து தின்றால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். "கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஆபத்து. இன்னொருத்திக்கும் இதைக் கொடுக்காதே." சந்தேகப் பிராணி நான், அதையே மறுபடி கேட்டேன், இன்னொரு தடவையும் கேட்டேன். கடைசியில் நர்ஸ் என்னைத் தோளைப் பிடித்து வெளியே விட்டாள்.

மாத்திரை தின்ற முதல் வாரமே குமட்டல் தொடங்கிவிட்டது. அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்த நாற்றமெல்லாம் தனித்தனியாக எழுந்து வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. சுறா எண்ணெய், துறைமுகத்துக் கரிப்புகை, எடுப்புக் கக்கூசின் வாளி, சாக்கடை ஓரத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கிற இடம். எல்லோருக்கும் ஒரே தம்ளர், அதை வாய் வைத்துக் குடித்துவிட்டு முந்தானையில் துடைத்து அடுத்தவளிடம் கொடுப்பார்கள். ரங்கூனில் மட்டும் நாற்றம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஙாப்பி என்று மீனை உப்பில் மக்கவைத்து இடித்த விழுது இல்லாமல் எங்கள் வீட்டில் ஒருவேளைச் சோறு இறங்கினதில்லை. இன்றைக்கும் கப்பலில் வருகிற யாரையாவது பிடித்து ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொள்கிறேன். நாள் பூராவும் கருவாட்டில் புரளுகிற கன்னியம்மா, அந்த டப்பாவைத் திறந்தால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். "பர்மாக்கா, கலீஜ்! எலி செத்துகீதா உன் வூட்ல?"

முதல் ஓய்வு வாரம் வந்தது. டாக்டரம்மா சொன்னபடியே தீட்டும் வந்தது. துணியைத் துவைக்கப் போன இடத்தில் கன்னியம்மா பார்த்துவிட்டாள். அவள் சும்மா இருப்பாளா? "அட இன்னா மாயம்! பேரன் எடுக்குற வயசுல தூரமாயிக்கினு நிக்கிது நம்ம பர்மாக்கா!" வரிசையே சிரித்தது. சிரித்துவிட்டு உடனே குழாயைத் தொடாதே என்றார்கள். அந்த வாரம் பூராவும் குடத்தை நான் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். யாராவது மனசு வந்தால் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். முறிந்து கூடின கையோடு அப்படி நின்றபோது எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது. நான் நாலாம் வகுப்பில் இருந்தபோதுதான் வயசுக்கு வந்தேன். அன்றைக்கே அப்பா என் சிலேட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு பர்மாக்காரி அந்த நாளிலும் தலையில் பூவும் கன்னத்தில் தனாக்காச் சந்தனமுமாக உட்கார்ந்து மொஹிங்கா விற்பாள். மீன் குழம்பும் அரிசிச் சேமியாவும் கலந்த அந்த மொஹிங்காவை வாங்கித் தின்கிற எங்கள் அப்பா அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. மகளுக்கு மட்டும்தான் மூலை. ரத்தம் வந்தால் ஒரு தண்டனை, நின்றுபோனால் எலும்புக்கு இன்னொரு தண்டனை. சீ, என்ன பிழைப்பு இது!

ஆடி மாதம் பிறந்ததும் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற பேச்சு தொடங்கியது. வரிசைக்கு வரிசை பெண்கள் தலையில் குடம் சுமந்து போவார்கள். வந்த நாள் முதலாக எங்களை யாரும் அதற்குக் கூப்பிட்டதில்லை. இந்த வருஷம் கன்னியம்மாவே வந்து, "நம்ம வரிசைக்கு மொதக் கொடம் நீதான் தூக்குற பர்மாக்கா, பேசிட்டோம்" என்றாள். கணக்குப் பார்த்தால் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை என் ஓய்வு வாரத்தில் விழுந்தது. மென்று விழுங்கிச் சொன்னேன். அவள் கொஞ்சம்கூட அசரவில்லை.

"துன்னுகினு இருக்கசொல்ல வர்ல, நிறுத்துனா வர்து. அப்பால இன்னாத்துக்கு நிறுத்துற? கூழு ஊத்தற வரிக்கும் துன்னுகினே இரு."

"உள்ளே சுவர் தடித்துப்போகுமாம் கன்னியம்மா. டாக்டரம்மா ஆபத்து என்றார்."

"டாக்டரம்மாவா வந்து உன் கொடத்த தூக்கப் போவுது? எனக்கும் ரெண்டு குடுக்கா, என் நாளும் கிட்ட வந்துகினு கீது."

சீசாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். "சரிதாம்போ கஞ்சப்பிசினாறி" என்று எழுந்து போனாள். என் வீட்டுக்காரர்கூட, "ஒரு வாரந்தானே, சாப்பிட்டுத்தான் வையேன். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் நம்மை மனுஷராக மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்றார். ஓய்வு வாரத்து முதல் நாள் விளக்கு வைத்த பிறகு மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். உள்ளங்கை வேர்வையில் அது பிசுபிசுத்தது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு சுவர் வளர்வதை நினைத்தேன். எங்கள் கக்கூஸ் சுவரில் மழைக்காலத்தில் பாசி ஏறுகிற மாதிரிதான் எனக்குத் தோன்றிற்று. உடம்பெல்லாம் கூசியது. மாத்திரையைச் சீசாவில் போட்டு, சீசாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பறை முழங்க அவர்கள் போனார்கள். எனக்குப் பேசிவைத்திருந்த முதல் குடம் கன்னியம்மா தலையில் இருந்தது. அவள் நாள் இன்னும் வந்திருக்கவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து வேப்பிலைத் தோரணம் சாக்கடையில் விழுந்து மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈ மொய்த்தது. திரும்பி வந்தவள் நேரே என்னிடம்தான் வந்தாள், சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"கிண்ணத்த நீட்டு. தொட்றாத."

நீட்டினேன். கூடின மணிக்கட்டு கோணலாக இருப்பதால் கிண்ணமும் கோணலாகத்தான் நின்றது. அவள் உயரத்திலிருந்து ஊற்றினாள். பாதி கிண்ணத்தில், பாதி சாக்கடையில். முருங்கைக்கீரையும் கருவாடும் மேலே போட்டாள்.

"ஒரு வாரம் துன்னுருந்தா இன்னா கெட்டுப்பூடும்? நீ தூக்கல்லன்னு எனக்கே பேஜாராப் பூட்ச்சி" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் நிஜமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேழ்வரகு, கீரை, மீன். டாக்டரம்மா தின்னச் சொன்னது அத்தனையும் அந்தக் கிண்ணத்தில் இருந்தது. ஆனாலும் தொண்டையில் இறங்கவில்லை. உள்ளே போய் ஙாப்பி டப்பாவை எடுத்து வந்து ஒரு விரல் எடுத்துக் கூழில் கரைத்தேன். வாசனை எழுந்ததும் கன்னியம்மா, "அய்ய!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் நகரவில்லை, நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். காலடியில் அவள் சிந்தின கூழும் கருவாட்டுத் தண்ணீரும் சேர்ந்து நுரைத்துக்கொண்டு ஓடிற்று. நானும் இந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன்.