தண்ணீர்ப்பந்தலில் நான் சொன்ன பதில்

பிறந்த சில நாட்களிலேயே என் குழந்தை இறந்தது. "பிள்ளைய முழுங்கினவ" என்றே மாமியார் என்னைக் கூப்பிடுவார். நான் பேச்சையே விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்கா மாலைதோறும் வந்து என்னைப் பேசப் பழக்குவார். "பயப்படாத லா, சத்தமா சொல்லு: 'என் பிள்ளை செத்தது என் குத்தமில்ல.'" என்னால் முணுமுணுக்கத்தான் முடிந்தது.

அடுத்த தைப்பூசத்தில், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பாதையில், பந்தலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அவ கையால வாங்காதீங்க, பெத்ததையே முழுங்கினவ!" என்று மாமியார் கத்தினார். நீட்டிய கைகள் பின்வாங்கின.

"என் பிள்ளை செத்தது என் குத்தமில்ல, அத்தை!" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"யாருடி சொல்லிக் குடுத்தா?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவரும் மோர் வாங்கவில்லை.

கையிலிருந்த டம்ளர் மோரை நானே குடித்து முடித்தேன். என்னைப் பேச வைத்த அந்த அக்காவை முருகன்தான் அனுப்பினான் என்று இன்றும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.