மழைக்கு நகர்ந்த பெஞ்சு

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் கிடங்காக இருந்த ஒரு கட்டடத்தில் இப்போது காபிக்கடை நடக்கிறது. போன வாரம் கோவையிலிருந்து தம்பி மணியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன்தான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, ஒரு சாயா குடிக்கலாம் வா. ஏஸி எல்லாம் உண்டு." அங்கே சாயாவைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்தது. அட்டையில் ஏதோ ஒன்றை விரலால் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பெஞ்சு இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. அந்தச் சாய்வை எனக்குத் தெரியும்.

"சூக்ஷிச்சு சேச்சி, ஆன்டிக் ஆணு" என்று கோப்பைகளைக் கொண்டுவந்த பெண் பெஞ்சைப் பெருமையோடு தட்டிக் காட்டினாள். பழம்பொருளாம், பார்த்து உட்கார வேண்டுமாம். பின்தெருவிலுள்ள சர்க்கார் பள்ளிக்கூடத்தின் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்ததாம். நானும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய சாமான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் வார்னிஷ் அடித்து ஒரு மூலையில் நிறுத்திவிடுவார்கள்.

எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அந்தச் சுவரிலிருந்து சுக்கு வாசனை போகவில்லை. கம்பம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் அம்மா இதே கிடங்கில்தான் சுக்கு பொறுக்கினாள். அப்பா சுள்ளிக்கல் பக்கம் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். கிடங்கில் மூட்டையைக் கொட்டினால் தூசி நேராகப் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வரும். வாய்ப்பாடு சொல்லும்போது பாதிப் பேர் தும்முவோம். தும்மலுக்குத் தமிழ், மலையாளம் என்ற பேதமெல்லாம் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தது.

நீளமான ஒரே கூடம். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் மலையாள வகுப்பு, இந்தப் பக்கம் எங்கள் தமிழ் வகுப்பு. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லோருக்கும் சேர்த்து செல்வி டீச்சர் ஒருவர்தான். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர். சுள்ளிக்கல்லில் வாடகை அறையில் இருந்தார். தினக்கூலி டீச்சர் என்பதால் ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை இருக்குமா இருக்காதா என்ற பயத்தோடுதான் வருவார். அந்தப் பயத்தை எங்களிடம் மறைக்கத் தெரியாத மனுஷி.

கறையான் அரித்துத் தட்டி ஒரு நாள் தானாகவே படுத்துவிட்டது. புதுத் தட்டி கேட்டார்கள். ஓடு மாற்றவும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஃபண்டு வந்நிட்டில்ல." ஃபண்டு என்பவர் ஓர் அதிகாரி என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். எர்ணாகுளத்திலிருந்து வரும் பஸ்ஸில் என்றைக்காவது குடையோடு வந்து இறங்குவார், நாம் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று தயாராகவே இருந்தேன்.

அவர் வரும்வரை நாங்கள் இரண்டு பாடங்களைக் கேட்டோம். டீச்சர் ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பக்கம் ரோஸி டீச்சர் கணக்கு நடத்துவார். அவர் கேட்கும் கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து பதில் போகும். "ஆரா அது?" என்று அவர் அதட்டுவார். அதட்டலில் பாதி சிரிப்புத்தான். மலையாளப் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, எங்கள் பாட்டையெல்லாம் ராகத்தோடு பாடுவார்கள். வேடிக்கையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரைச்சலில் கத்திக் கத்தி செல்வி டீச்சருக்கு மத்தியானத்துக்குமேல் குரல் இருக்காது. வாயை அசைப்பார், நாங்கள் பார்த்துப் புரிந்துகொள்வோம்.

மழைக்காலத்தில் இன்னொரு வழக்கம். உடைந்த ஓடுகள் எங்கள் தலைக்குமேல்தான். முதல் சொட்டு விழுந்ததும் யாரும் சொல்லாமலே பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு மலையாளப் பக்கம் போய்விடுவோம். அவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். மழை விட்டதும் எந்தப் பெஞ்சு யாருடையது என்று சண்டை வரும். ஒரு நாள் செல்வி டீச்சரே காம்பஸை எடுத்து எங்கள் பெஞ்சுகளின் ஓரத்தில் கீறினார்: 'தமிழ் வகுப்பு. மழை விட்டதும் திருப்பித் தரவும்.' பெஞ்சில் கிறுக்கினால் அடிக்கிற டீச்சரே கிறுக்கியதில் எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பள்ளி திறந்து சில நாளில் கல்வி ஆபீஸிலிருந்து தலை எண்ண ஒரு சார் வருவார். எண்ணிக்கை குறைந்தால் வகுப்பு போய்விடும். வகுப்பு போனால் டீச்சர் போய்விடுவார். இது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். நான் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம், அந்த நாள் பார்த்து விடியற்காலையிலிருந்து நல்ல மழை. தோப்பும்படி ஹார்பரில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் வரவில்லை. டீச்சர் குடையை எடுத்தார். "நான் போய்க் கூட்டிண்டு வரேன். சார் வந்தா மரியாதையா எழுந்து நிக்கணும். எது கேட்டாலும் முழிக்கப்படாது, டக்குன்னு பதில் சொல்லணும். என் மானத்தை வாங்கிடாதீங்கோ."

அவர் போன கொஞ்ச நேரத்தில் கூரை ஒழுகியது. வழக்கம்போல் பெஞ்சோடு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தோம். அப்போதுதான் சார் வந்தார். எங்கள் பக்கத்தில் வெறும் தரையும் வாளியும். "தமிழ் கிளாஸ் எவிடே?" என்றார். ரோஸி டீச்சர் எங்களைக் காட்டி, ஓட்டையும் காட்டினார். சார் ஓட்டைப் பார்க்கவில்லை. மலையாளப் பாடத்தில் வள்ளத்தை, அதாவது படகைப் பற்றி ஒரு பாட்டு உண்டு, அது தெரியுமா என்று எங்களைக் கேட்டார். தெரியாதா பின்னே? தட்டி விழுந்த நாளிலிருந்து அதைத்தானே தினமும் கேட்கிறோம்! டீச்சர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் எழுந்து நின்று ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தோம்.

"நன்னாயி" என்றார் சார். ரோஸி டீச்சர்கூடச் சிரித்தார். பிறகு சார் சொன்னார்: "ஈ குட்டிகள்க்கு மலயாளம் நன்னாயிட்டு அறியாமல்லோ. பின்னே எந்தினா இவர்க்கு வேறே டீச்சர்?" மலையாளம்தான் இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே, பிறகு எதற்குத் தனி டீச்சர் என்று கேட்டார். ரோஸி டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் செல்வி டீச்சர் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். குடைக்குள் இரண்டு ஹார்பர் பிள்ளைகள் நனையாமல் இருந்தார்கள். "டீச்சர், நாங்க எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டோம்!" என்று கத்தினோம். அவர் எங்களைப் பார்த்தார், ரோஸி டீச்சரைப் பார்த்தார், புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நின்றார்.

தமிழ் வகுப்பு அந்த வருஷத்தோடு சரி. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு தட்டி வாங்கிக் கொடுக்க யோக்கியதை இல்லாதவர்கள், அது இல்லாததால் நாங்கள் கற்றதையே எங்களுக்கு எதிராக எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் சித்தூருக்குப் போனார். பிறகு எங்கே வேலை செய்தாரோ, வேலை கிடைத்ததோ இல்லையோ, தெரியாது. அம்மா என்னைக் கோவையில் சித்தி வீட்டில் விட்டாள். "படிச்ச படிப்பு பாழாப் போகாண்டாம்டி" என்று சொல்லும்போது அவள் மேலெல்லாம் சுக்கு மணத்தது. வீட்டைவிட்டுத் தூரத்தில் வளர்ந்தேன். மணிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயசில்லை. அடுத்த ஜூனில் அவனை மலையாள வகுப்பில் சேர்த்தார்கள். நன்றாகவே படித்தான், தோப்பும்படியில் மோட்டார் பட்டறை வைத்து என்னைவிட வசதியாக இருக்கிறான். வாட்ஸ்ஆப்பில் மட்டும் எனக்கு எழுதமாட்டான், பேசித்தான் அனுப்புவான். இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் என் போட்டோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவான்.

ஃபண்டு கடைசியில் வந்தே விட்டார். காபி குடிக்கப் போகும் வழியில் பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். மாடிக் கட்டடம், வழவழவென்று தரை, வகுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் திரை, நடுவில் நல்ல சிமெண்டுச் சுவர்கள். ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் கேட்காது. பலகையில் எல்லா வகுப்பின் பெயரும் இருந்தது. தமிழ் மட்டும் இல்லை.

காபியைக் குடித்து முடித்த மணி, பெஞ்சின் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். சட்டென்று குனிந்து பார்த்தான்.

"அக்கா, இது தமிழல்லே? என்ன எழுதிருக்கு?"

வார்னிஷுக்கு அடியில் செல்வி டீச்சரின் உருண்டை எழுத்து அப்படியே இருந்தது. படித்துச் சொன்னேன். "தமிழ் வகுப்பு. மழை விட்டதும் திருப்பித் தரவும்."

அவன் கடையைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டு, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்:

"ஆருக்கு அக்கா?"