நெரளு கல்லும் என் அரை மணி நேரமும்

ஒரே ஊருக்கு மூன்று வாரத்தில் இரண்டு முறை போனேன். முதல் முறை, 2007 பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, சும்மா ஊர் சுற்ற. இரண்டாம் முறை, மார்ச் முதல் ஞாயிறு, நானே கிளப்பிவிட்ட வினையை எப்படியாவது நிறுத்த. போகிறவர்களுக்கு வழி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் அசட்டுத்தனத்தைச் சொல்லாமல் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆரணிக்காரன். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அதாவது, அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவன். ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புத்தி லீவு எடுப்பதில்லை.

ஹெப்பகோடியிலிருந்து சந்தாபுரத்துக்கு ஐந்து கிலோமீட்டர், பஸ்ஸில் நான்கு ரூபாய். அங்கே மாறி ஆனேக்கல்லுக்குப் பதினோரு கிலோமீட்டர், எட்டு ரூபாய். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் கோயில் பெயரைச் சொன்னால் விழிப்பார். "நெரளு கல்லு" என்று கேளுங்கள். கன்னடத்தில் நெரளு என்றால் நிழல். ஒன்பது கிலோமீட்டருக்கு, காத்திருந்து திரும்ப அழைத்து வர நூற்று இருபது ரூபாய் கேட்டார்கள்.

சிறிய சிவன் கோயில். சுற்றிலும் ரோஜாத் தோட்டங்கள். சுற்றுச்சுவரில் தேய்ந்துபோன தமிழ்க் கல்வெட்டு, நாலைந்து எழுத்துதான் படிக்க முடிகிறது. நந்திக்குப் பின்னால், வேறு நிழல் எதுவும் விழாத திறந்த முற்றத்தில், இடுப்பளவு பீடத்தின் மேல் வட்டமான கல். நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு நேராக நிற்கும் கல்முளை. முளை வழியாகத் தெற்கு வடக்காக ஒரு கோடு ஆழமாகச் செதுக்கியிருக்கிறது. அதுதான் உச்சிக்கோடு. இரு பக்கமும் நாழிகைக் கோடுகள் உண்டு, ஆனால் அவை தோராயம்தான் என்று அர்ச்சகரே சொல்லிவிட்டார்.

அர்ச்சகர் என்னைவிட இளையவர், இருபத்தாறு வயதிருக்கும். பைக்கில் வந்து இறங்கினார். "நெரளு கோட்டுமேல ஏறினா உச்சி சார். அப்பதான் மணி அடிப்பேன், நைவேத்யம் வெப்பேன். தோட்டத்துல வேலை செய்யற பொம்பளைங்களுக்கும் அதான் சாப்பாட்டு மணி" என்றார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு. நிழல் கோட்டுக்கு இன்னும் வரவில்லை, மேற்கே தள்ளி நின்றது. காத்திருந்தேன். அது கோட்டைத் தொட்டபோது பன்னிரண்டு முப்பத்து நான்கு.

அவ்வளவுதான், உள்ளே இருக்கும் டெஸ்டர் எழுந்துவிட்டான். பையிலிருந்து தாளை எடுத்து, "நிழல் கடிகாரம் முப்பத்து நான்கு நிமிடம் பின்தங்குகிறது, கோடு தவறான இடத்தில் உள்ளது" என்று எழுதி, கீழே என் பெயரையும் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தேன். அர்ச்சகர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஐடி ஆளு நீங்க. கரெக்டாத்தான் இருக்கும்" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி கடைசிப் புதன்கிழமை அவரிடமிருந்து போன். "சார், உங்க பேப்பரைக் கோயில் கமிட்டில வெச்சேன். உகாதிக்குள்ள சரி பண்ணிடலாம்னுட்டாங்க. சனிக்கிழமை வாட்ச்ல பன்னெண்டு ஆறப்ப நெரளு எங்க விழுதோ அங்க புதுக் கோடு, ஞாயித்துக்கிழமை பழசக் கொத்தி எடுத்துடுவாங்க. ரெண்டு கோடு இருந்தா கொழப்பம் பாருங்க." எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் கேன்டீனில் இதைப் பீற்றிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் அசாம்காரர் சிரித்தார். தங்கள் ஊரில் டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்றும், தேயிலைத் தோட்டக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். "சூரியனுக்கு நம்ம கடிகாரம் தெரியுமா என்ன?" என்று கேட்டுவிட்டு அவர் தட்டோடு எழுந்து போனார். நான் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு என் கம்ப்யூட்டருக்குப் போனேன்.

நாடு முழுவதற்குமான ஒரே மணி, அலகாபாத்துக்குப் பக்கத்தில் போகும் ஒரு தீர்க்கரேகைக்காக வைத்தது. பெங்களூர் அதற்கு ஏறக்குறைய ஐந்து டிகிரி மேற்கே. டிகிரிக்கு நான்கு நிமிடம். ஆக, இங்கே சூரியன் இருபது நிமிடம் பின்னால்தான் உச்சிக்கு வருவான். மிச்சப் பதினான்கு? இணையத்தில் தேடினேன். சூரியனின் நடையே ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லையாம். பிப்ரவரியில் பதினான்கு நிமிடம் பிந்துவான், நவம்பரில் பதினாறு நிமிடம் முந்துவான். இருபதும் பதினான்கும் முப்பத்து நான்கு. கல்லில் ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை. பிசகு முழுக்க என் மணிக்கட்டில் இருந்தது.

அர்ச்சகரின் செல்போன் அணைந்து கிடந்தது. சனிக்கிழமை ஆபீஸில் ரிலீஸ், நகர முடியவில்லை. நாள் முழுக்க அடித்துப் பார்த்தேன், கிடைக்கவே இல்லை.

ஞாயிறு காலை எட்டேகாலுக்குக் கிளம்பினேன். சந்தாபுரத்தில் ஆனேக்கல் பஸ் நாற்பது நிமிடம் வரவில்லை. ஆனேக்கல்லில் ஏறிய ஆட்டோவின் டிரைவர் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர், கல்யாணம் பண்ணி இங்கே வந்தவர். "ஏன் சார் இவ்ளோ பதட்டம், யாருக்காவது சீரியஸா?" என்றார். ஒரு கல்லுக்கு என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் வண்டியை விரட்டினார்.

பத்து நாற்பதுக்கு உள்ளே ஓடினேன். உச்சிக்கோட்டுக்கு மேற்கே, வெள்ளை வெளேரென்று ஒரு புதுக் கோடு. பழைய கோட்டின் மேல் உளியை வைத்துக் கல்தச்சர் சுத்தியலைத் தூக்கியிருந்தார். "நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் நந்தி மேல் இருந்த காக்கைகள் பறந்துவிட்டன.

கமிட்டித் தலைவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. நன்றாகத் தமிழ் பேசினார். "தப்புன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. இப்ப சரின்னும் நீங்களே சொல்றீங்க. நாளைக்கு வந்து என்ன சொல்வீங்க? கூலிக்கு ஆள் வெச்சாச்சு சுவாமி." டிகிரி, தீர்க்கரேகை என்று நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஏன் ஏற வேண்டும்? போன மாதமும் இதே குரலில்தானே அளந்துவிட்டுப் போனேன்.

காப்பாற்றியவர் உளி பிடித்தவர்தான், கிருஷ்ணகிரிக்காரர். சுத்தியலைக் கீழே வைத்தார். "எனக்கே மனசு கேக்கல சார். கோயிலுக்குக் கடைக்கால் போடறப்ப தெசை பாக்க நாங்களும் இப்பிடித்தான் முளை அடிப்போம். வட்டம் போட்டுப் பாத்துடலாமா? அதுக்குக் கடியாரம் வேணாம்."

முளையில் நூலைக் கட்டி, நிழலின் நுனி வரை இழுத்து, கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டார். நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. மணி பத்து ஐம்பது. இனி நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும், உச்சி கடந்ததும் நீண்டு மறுபக்கம் வட்டத்தை மீண்டும் தொடும். இரண்டு புள்ளிக்கும் நடுமையம் எதுவோ அதுதான் உச்சி. தலைவர் யோசித்தார். "சரி, பாத்துடலாம். தப்பா இருந்தா இன்னிக்கே கொத்திடுவோம்" என்றார்.

அந்த மூன்றரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நிழல் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. கல் சும்மா நிற்கிறது, முளை சும்மா நிற்கிறது, நகர்வது நாம் உட்கார்ந்திருக்கும் பூமி. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உடம்புக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான், மயிர்க்கூச்செறிந்தது. அர்ச்சகர் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "உங்க பேப்பர் வந்ததுலேர்ந்து வாட்சைப் பாத்துத்தான் மணி அடிச்சேன் சார். பொம்பளைங்களுக்கு மட்டும் சந்தோஷம், அரை மணி முன்னாடியே சோறு. வருஷத்துல ரெண்டு நாள், ஏப்ரல் கடைசிலயும் ஆகஸ்ட்லயும், உச்சில இந்த முளைக்கு நெரளே இருக்காது. முழுசா உள்ள போயிடும். அத்தன கரெக்டா நடக்கற கல்லு. அது எப்படித் தப்பாகும்னு எனக்குக் கேக்கத் தோணல."

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு நிழல் பழைய கோட்டுக்குள் இறங்கியது. பிற்பகல் இரண்டு பன்னிரண்டுக்கு அதன் நுனி வட்டத்தின் மறுபக்கத்தைத் தொட்டது. கல்தச்சர் அங்கே ஒரு புள்ளி வைத்தார். இரண்டு புள்ளிக்கும் நடுவே நூலை இழுத்து, அதை இரண்டாக மடித்து, நடுமையத்தைக் குறித்தார். முளையிலிருந்து அந்த இடத்துக்கு நூலை நீட்டிப் பிடித்தார்.

நூல் பழைய கோட்டின் பள்ளத்துக்குள் போய்ப் படுத்தது. நூல் அளவு விலகல்கூட இல்லை. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. கடிகாரமும் திசைகாட்டியும் இல்லாமல், ஒரு முளை, ஒரு நூல், ஒரு கரித்துண்டு வைத்து எவனோ ஒருவன் வானத்தைக் கல்லில் பிடித்து வைத்திருக்கிறான். அவன் வேலையில் நான் குற்றம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில சேதி. காலை பதினொன்றுக்குள் போய்ச் சேருங்கள். முற்றத்தில் செருப்பில்லாமல் நிற்க வேண்டும், கால் பொரியும், சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். மேகம் இருந்தால் பயணம் வீண். உச்சிக்கோட்டில் நிழல் ஏறும்போது உங்கள் கடிகாரம் பிப்ரவரியில் பன்னிரண்டரை தாண்டியிருக்கும், நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டு மணி மூன்று நிமிடம் காட்டும். யாரிடமும் புகார் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கல்லின் மேல் இரண்டு கோடுகளைப் பார்ப்பீர்கள். புதுக் கோட்டை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். கொத்தினால் கல்லில் குழி விழும், இருக்கட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஆழமாக, கறுத்து, மழமழவென்று இருப்பது அந்தக் காலத்தவருடையது. ஆண்டு முழுவதும் சரியாக இருக்கும். அதற்கு மேற்கே, ஓரிரு நாள் மட்டும் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போய், மற்ற நாளெல்லாம் தப்பாக இருக்கும் வெள்ளைக் கோடு என்னுடையது. அது யார் போட்ட கோடு என்று அர்ச்சகரைக் கேட்டால், என் பெயர் போட்ட தாளை எடுத்துக் காட்டுவார். பத்திரமாக வைத்திருக்கிறார்.