எல்லாப் போர்ட்டுகளையும் திறந்தவள்

இசக்கி அண்ணாச்சி எந்தத் தப்பும் செய்யவில்லை. எங்கள் விசைத்தறிக் கூடத்தின் சேலை டிசைன்கள் அத்தனையும் போனதற்குக் காரணம் நான். ஓராண்டாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சங்கரன்கோவிலில் அந்தக் கூடத்தின் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளியூர் டிசைனர் கோப்புகளை நேரடியாக எங்கள் சர்வருக்கு அனுப்பும்படி எஃப்டிபி என்ற வசதியை அமைத்தேன். வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலில், அதற்கான வாசலான இருபத்தொன்றாம் போர்ட்டைத் திறந்தேன். அவரால் உள்ளே நுழைய முடிந்தது. கோப்பு மட்டும் வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும்! நுழைவதற்கு ஒரு வழி, கோப்பு வர இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழிக்கு எங்கள் சர்வர் அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளி முகவரியைச் சொல்லும்படி மாற்றினேன். இனி ஐம்பது போர்ட்டுகளை ஒதுக்கி, அவற்றை மட்டும் ஃபயர்வாலில் திறக்க வேண்டும். அரை மணி நேர வேலை...

அப்போதுதான் மழலையர் பள்ளியிலிருந்து போன். என் பாப்பாவுக்குக் காய்ச்சல். அந்த சர்வருக்கு எல்லாப் போர்ட்டுகளையும் திறந்துவிட்டேன். கோப்பு உடனே வந்தது.

வந்த டிசைனைப் பென்டிரைவில் ஏற்றித் தறிகளுக்குக் கொண்டுபோகிறவர் இசக்கி அண்ணாச்சி. "கில்லாடிதாம்மா நீ! இனி அந்த டிசைனருக்கு பஸ் செலவு மிச்சம்" என்று சிரித்தார்.

நாளை ஐம்பதாகச் சுருக்கிவிடலாம் என்று கிளம்பினேன். காய்ச்சல் நான்கு நாள் நீடித்தது. அதற்குப் பிறகு? ஓடிக்கொண்டிருப்பதைத் தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். குழந்தையைச் சாக்குச் சொல்கிறேனா? முதல் நான்கு நாளுக்கு அவள் காரணம். மற்ற நாற்பது நாட்களுக்கு?

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு டிசைனும் திறக்கவில்லை. நான் திறந்துவிட்ட வழியில் யாரோ புகுந்து எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள். நகல் வைத்த வட்டும் அதே சர்வரில்தான் செருகியிருந்தது. அதுவும் போயிற்று.

முதலாளி, இசக்கி அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். "ஏம்வே, கண்ட எடத்துல சொருகுன பென்டிரைவ இங்கன கொண்டாந்து சொருகுவீரோ? உம்மால எல்லாம் போச்சுவே!"

"மொதலாளி, நான் எங்கயும் சொருகலயே..."

நான் ஃபயர்வாலின் பதிவைத் திறந்தேன். உள்ளே வந்துபோன அந்நிய முகவரிகள் அதில் வரிசையாக இருந்தன. போர்ட்டுகளை மூடினேன். பதிவையும் அழித்தேன். ஆம், அழித்தேன்!

அண்ணாச்சியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வேறெந்தத் தறிக்கூடமும் அவரைக் கணினிப் பக்கம் விடவில்லை. இப்போது சேலைக் கட்டுகளை லாரியில் ஏற்றுகிறார்.

போன வாரம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து நின்றார்.

"தங்கச்சி, நீ படிச்ச பிள்ள. ஒண்ணு கேக்கேன். நெசமாவே எம் பென்டிரைவுல இருந்துதான் வந்துச்சா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் பிடிபடல."

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாருமே இல்லை.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

மெல்லத் தலையாட்டினார். "அப்ப நாந்தான் மறந்திருக்கேன் போல. மொதலாளிகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்."

மறுநாளே வந்தார். முதலாளி அறையின் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிடும்வரை நின்றுகொண்டிருந்தார். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்...