உப்பு வம்சத்தின் கடைசிக் கோட்டை

தாராவியிலிருந்து செம்பூருக்குப் போகும் காலைப் பேருந்தில்தான் உப்பு வம்சம் பிறந்தது. என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் பக்கத்திலேயே இருந்த என் அலுவலகத்துக்குப் போவேன். சயான் சிக்னலில் வண்டி நகராமல் நின்ற ஒரு காலையில் அவள் கதை சொல்ல ஆரம்பித்தாள். உப்பளத் தொழிலாளி ஒருவன் சேற்றில் தூங்கிய ஏழுகால் யானையை எழுப்பி, அதன்மேல் ஏறி அரசனான கதை.

"எந்த வருஷம்?" என்று கேட்டேன். மாட்டுங்காவில் நூலகத்துக்குப் போய்ச் சோழர், பாண்டியர் என்று படித்துப் பழகியவள் நான். ஆண்டு தெரியாத அரசனை எனக்கு நம்ப வராது.

"யானை எந்திரிச்ச வருஷம்மா. அதான் ஒண்ணு."

அதையே உப்பு ஆண்டு ஒன்று என்று வைத்துக்கொண்டு, பட்டம், போர், மணம், மரணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். "ஏட்டி, தாத்தா பொறக்கதுக்கு முந்தியே பேரனுக்குப் பட்டம் கட்டுதியே" என்றால், "அவன் மந்திரத்துல பொறந்தவன்" என்பாள். நான் விடமாட்டேன். மறுநாள் தாத்தா சீக்கிரமாகப் பிறந்துவிடுவார்.

சட்டம் ஒன்றுதான், போட்டது நான். கதையில் தமிழ் மட்டும். பஸ், டிக்கெட் போன்றவற்றுக்கு மன்னிப்பு உண்டு. ஹிந்திச் சொல் வந்தால் ஒரு கோட்டை கதையின் எதிரியான பனிமூட்டத்து அரசன் கைக்குப் போகும். கடைசிக் கோட்டையும் விழுந்தால் வம்சம் முடிந்தது, கதையும் முடிந்தது. வீட்டில் எங்கள் தமிழ், சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்பதோடு நின்றுவிடும். அவள் என்னிடம் தமிழில் நீளமாகப் பேசியது அந்தப் பேருந்தில்தான்.

அவளுடைய ஏழாம் வகுப்பில், ஐந்தாம் அரசியின் காலத்தில், நாடு கடல்வரை பரவியிருந்தது. டிராம்பே கழிமுகத்துப் பூநாரைகள் எல்லாம் எங்கள் படை. பிறகு அவள் செம்பூரிலேயே கல்லூரியில் சேர்ந்தாள். 'அதாவது' என்று அர்த்தமாகும் 'மத்லப்' என்ற ஒரே ஹிந்திச் சொல்லை அவள் மறுபடி மறுபடி சொன்னதில் வடக்கெல்லை முழுக்கப் போயிற்று. நான் ஒன்றையும் மறைக்கவில்லை; விழுந்த ஆண்டோடு எழுதினேன். இந்த மழைக்காலத்தில் மிஞ்சியது ஒரே கோட்டை. அவள் சொற்களை எண்ணி எண்ணிப் பேசினாள். நானும் பயந்து பயந்து கேட்டேன்.

ஒருநாள் பேருந்தில் கூட்டம், நின்றுகொண்டே வந்தோம். கதையில் கடைசி அரசி மதில்மேல் நிற்கிறாள், கீழே பனி ஏறுகிறது. அப்போது ஜன்னலோரம் ஓர் இடம் காலியானது.

"அரே, ஜல்தி பைட்!" என்று, சீக்கிரம் உட்காரச் சொல்லி, ஹிந்தியில் கத்தினேன்.

மகள் உட்காரவில்லை. என்னையே பார்த்தாள்.

"எம்மா! கோட்டைய நீயே இடிச்சிட்டியே!"

"சீட்டு போயிருமேன்னு..."

"அதெல்லாம் சொல்லப்பிடாது. என்னைய ஒரு தடவையாச்சும் விட்டியா? எழுது."

எழுதினேன். உப்பு வம்சம் முற்றிற்று. இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவள் காதில் இயர்போன். நான் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சயான் தாண்டியதும் இயர்போனைக் கழற்றினாள்.

"ராணி செத்துட்டா, சரி. உள்ள இருந்த சனங்க எங்க போனாங்க?"

நான் படித்த சரித்திரங்களில் ஒரு வம்சம் முடிந்தால் அடுத்த வம்சம் வந்துவிடும். சனங்களுக்கு அரைப் பக்கம் கிடைத்தால் அதிகம்.

"தெரியலயேட்டி."

"நான் சொல்லுதேன். ஆனா நடுவுல ஹிந்தி வரும். விழுகதுக்கு இனி கோட்டையும் கெடையாது."

அவர்கள் பனிமூட்டத்து நாட்டுக்காரர்களோடு ஒரே படகில் ஏறினார்களாம். படகில் ஒரு பாட்டுக்காரி; அவளுக்கு இரண்டு நாட்டுப் பேச்சும் அரைகுறையாகத்தான் வரும், ஆனால் வாய் ஓயாது. மகள் அவளைப் போலவே பேசிக் காட்டினாள். ஐந்தாறு சொல்லுக்கு ஒருமுறை 'ஆனால்' என்பதற்கு 'லேகின்' வந்தது, மற்றதெல்லாம் தமிழ். இவ்வளவு வேகமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்று மாலை அதை எழுதினேன். 'லேகின்' வந்த இடத்தில் 'லேகின்' என்றே எழுதினேன்.