கிணற்றடியில் நின்றவள்

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணமென்றால் வீடு அவளுக்குப் போய்விடும். பெற்றவர்கள் வளவின் மூலையில் ஒரு குடிசை போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அம்மாவுக்கும் அந்த வீடு அப்படித்தான் கிடைத்தது.

எனக்கு வாவிக்கு அப்பால், படுவான்கரையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கோயில் திருவிழாவில் ஒருமுறை அவரைப் பார்த்திருந்தேன். கட்டினால் இவரைத்தான் என்று மனதுக்குள் முடிவும் எடுத்துவிட்டேன். அந்த மாரியில்தான், எங்கள் கிணற்றடியில் பொழுதுபடும் நேரம் வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி நிற்கிறாள் என்ற கதை கிளம்பியது.

கதைக்குக் கை கால் முளைக்க அதிக நாள் ஆகவில்லை. மீன்காரி அவளுக்கு நீளக் கூந்தல் வைத்தாள். தோணிக்காரர் அழுகையைச் சேர்த்தார், நடுவாவியிலேயே கேட்டதாம். எல்லாரும் நல்ல மனிதர்கள்தான், ஆளுக்கொரு பிடி போட்டார்கள். வாவியிலிருந்து பனி ஏறிவந்த ஒரு மாலையில் நானே அவளைக் கண்டேன். சேலைத் தலைப்பு அசைந்ததுகூடத் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் நாளைத் தள்ளிவைத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் வாழைகளுக்குப் பின்னால் நின்றபோது, வேலிக் கதவான படலையடியில் மீன்காரி பேசுவது கேட்டது.

"உங்கட வாயால கேட்ட நாள்ல இருந்து பொழுதுபட்டா இந்தப் பக்கம் நான் வாறல்ல, அக்கா."

"ஓம் கா, நேத்தும் நிண்டவள். ஆரிட்டயும் சொல்லிப்போடாத," என்றார் அம்மா.

ஊர் முழுக்கப் பரப்ப அதைவிட நல்ல வழி கிடையாது. முந்தைய நாள் முழுவதும் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தவர், கிணற்றடிக்கே போகவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"என்ட வாழ்க்கையில ஏனம்மா மண் போடுறீங்க?"

அம்மா உள்ளே போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

கடைசியில் மாப்பிள்ளையே சொல்லியனுப்பினார்: "பேய் இருந்தா நல்லம்தானே, வீட்டுக்குக் காவல்." கலியாணம் நடந்தது. அம்மா குடிசைக்குப் போனார். அங்கேயே கண்ணையும் மூடினார். நான் அவரை மன்னிக்கவே இல்லை.

வருடங்கள் போய், என் மகளுக்கு நாள் குறித்தோம். ஒரு மாலை, நான் நட்ட மாமரத்தைப் பார்த்தபடி முற்றத்தில் நின்றேன். அடுத்த வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன கா, பொழுதுபட்டிட்டு, இன்னும் விளக்கு வைக்கல்லியா?"

'கிணத்தடியில...' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. திடுக்கிட்டுக் கிணற்றைத் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாக, அங்கே வெள்ளைச் சேலையோடு ஒருத்தி நின்றாள். அம்மாவைப்போல இடுப்பில் கைவைத்து, வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.