லூர்துமேரி ஒளித்த சங்கு

திண்டிவனம் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலையிலிருந்து சொத்தைப் பருப்பு பொறுக்குகிற லூர்துமேரிக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். பொறாமை வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். 1938இல் அவளுக்கு வந்த பொறாமை ஒரு நண்டின் மேல்.

அவள் புருஷன் ராயப்பன் மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் வண்டிக்காரன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் "சோறு போடு", "மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்பதற்கு மேல் அவளிடம் பேசியதில்லை. அப்படிப்பட்டவன் அந்த மாசியில் கடற்கரையிலிருந்து ஒரு சங்கு நண்டைக் கொண்டுவந்தான். செத்த நத்தையின் கூட்டில் உடம்பை நுழைத்துக்கொண்டு, அதையும் இழுத்துக்கொண்டே திரிகிற பிராணி. உடைந்த பானையில் ஈரமணல் பரப்பி அதைக் குடிவைத்து, ராசாத்தி என்று பெயரும் வைத்தான்.

வண்டி அவிழ்த்ததும் முதல் பேச்சு பானையோடுதான். "இன்னா ராசாத்தி, துன்னியா? தேங்கா சில்லு புடிச்சிதா?" கேப்பைக்கூழைக் கலக்கியபடி லூர்துமேரி கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆடிக்குள் நண்டு பெருத்துவிட்டது. பழைய கூடு கொள்ளவில்லை. ராயப்பன் பெரிய சங்கு ஒன்றைத் தேடி எடுத்துவந்து, வெந்நீரில் அலசிப் பானையருகே வைத்தான். "இது கூடு மாறுறத என் கண்ணால பாக்கணும். வந்து உள்ள வைக்கிறேன்" என்று உப்புக்குக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் அவள் அந்தச் சங்கைத் தவிட்டுப் பானைக்குள் புதைத்தாள்.

திரும்பி வந்தவன் வீட்டையே புரட்டித் தேடினான்.

"எலி இழுத்துக்கினு போயிருக்கும்" என்றாள்.

அவன் அன்று சாப்பிடவில்லை. அவள் காய்ச்சலில் கிடந்த வாரம் மூன்று வேளையும் சாப்பிட்டவன்! அவளுக்கு வயிறு எரிந்தது.

அவன் வேறு சங்கு தேடி மரக்காணம் போயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பானையை எட்டிப் பார்த்தாள். நண்டு கூட்டைவிட்டு முழுசாக வெளியே வந்து கிடந்தது. உரித்த இறால் போல மெத்தென்ற பின்னுடம்பு. பானை விளிம்பில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன.

'சாவட்டும்' என்றுதான் முதலில் நினைத்தாள். முன்னால் ஓடிய எறும்பு அந்த உடம்பைத் தொட்டதும் அவளுக்கே சுரீரென்றது. எறும்பைத் தட்டிவிட்டு ஓடிப்போய்ச் சங்கை எடுத்துவந்தாள். தவிட்டை ஊதி, உப்புத் தண்ணீரில் கழுவி அதன் முன்னால் வைத்தாள்.

நண்டு கொடுக்கால் சங்கின் வாயைத் தடவியது. உள்ளே விட்டு அளந்தது. சட்டென்று திரும்பிப் பின்பக்கமாக நுழைந்துகொண்டது. அடக்கிய மூச்சை அப்போதுதான் விட்டாள்.

சாயங்காலம் வந்த ராயப்பன் பானையைப் பார்த்துத் திகைத்தான். "இந்தச் சங்கு எப்படி வந்திச்சி?"

"நாந்தான் ஒளிச்சி வச்சேன். நாந்தான் குடுத்தேன். ஒம்போது வருசமா எங்கிட்ட பேசாதவன் நண்டுகிட்ட பேசறியேய்யா!"

அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப அது மாறுனத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"தலை மொதல்ல பூந்துச்சா, வாலா?"

"சொல்ல முடியாது போ."

ராயப்பன் இரண்டு நாள் அவள் பின்னாலேயே சுற்றினான். கூழ் குடிக்கும்போது கேட்டான். தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கிவந்து கேட்டான். அவன் கண்ணில் இருந்தது அசல் பொறாமை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாம் நாள்தான், அதுவும் பாதி மட்டும் சொன்னாள்.